இரண்டாவது ஒடுக்கு

என் கணவர் செல்லோவுக்கு ஒரு வியாதி உண்டு. ஒடுக்கு விழுந்த சாமான் எதையும் அவரால் சும்மா விட முடியாது. தேநீர்க் கெட்டில், பக்கத்து வீட்டுத் தகரக் கதவு, தேவாலயத்தில் காணிக்கை வாங்கும் தட்டு, எதுவானாலும் அவர் விரல் தானாகப் போய் அதைத் தடவும். கல்யாணமான புதிதில் என் அம்மா வீட்டு விருந்தில் உட்கார்ந்தவர், சோளக்களியை மறந்துவிட்டுக் குழம்புச் சட்டியின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன் புருஷன் சாப்பிட வந்தானா, சட்டி வாங்க வந்தானா?" என்று அம்மா என் காதில் கேட்டாள்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மாலை, எங்கள் தெருவில் எங்கிருந்தோ குழாயைச் சுத்தியலால் அடிக்கும் சத்தம் வந்தது. அடிப்பதும், நிறுத்துவதும், கொஞ்சநேரம் கழித்து மறுபடி அடிப்பதுமாக இருட்டும்வரை கேட்டது. செல்லோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "எவனோ ஒரு நல்ல குழாயைக் கொல்றான்" என்று புலம்பினார். நான் சிரித்தேன். அந்தச் சத்தத்தை அன்றோடு மறந்தும் போனேன்.

தெபோஹோ எங்கள் வாசலுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் பக்கம் ஜூலைதான் நடுக்குளிர்காலம். எங்கள் ஊர் கட்லேஹோங் முழுக்கக் கரியடுப்புப் புகை. அவன் தோளில் கிடந்த சாமானைப் பார்த்ததுமே நான் துடைப்பத்தைக் கீழே வைத்தேன். அது அவன் அண்ணன் மொஹாப்பியின் வண்டியிலிருந்து கழற்றியது என்று எனக்குத் தெரியும். மொஹாப்பியை இன்னும் புதைக்கக்கூட இல்லை.

மொஹாப்பி எங்கள் தெருக்காரர், மூன்று வீடு தள்ளி. அவரிடம் ஒரு குஷேஷே இருந்தது. பெட்டி போன்ற அந்தப் பழைய ஜெர்மன் காருக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் அது. அதைக் கூட்டத்தின் நடுவே பம்பரமாகச் சுற்றவிடுவதுதான் எங்கள் பக்கத்து வீர விளையாட்டு. மொஹாப்பி சுற்றும் வண்டியிலிருந்து இறங்குவார், அதன் கூடவே நடப்பார், தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டு மறுபடி ஏறி உட்காருவார். அப்படிப்பட்ட மனுஷன் வேலை முடிந்து மினிபஸ் டாக்ஸியின் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வரும்போது செத்தார். டாக்ஸி ஒரு லாரியில் போய்ச் செருகிக்கொண்டது. சாவுக்கும் நக்கல் தெரியும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

தெபோஹோ சாமானை முற்றத்தில் இறக்கினான். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து ஆறு குழாய்களாகக் கிளம்பி, வளைந்து நெளிந்து, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து புகையை வெளியே தள்ளுமே, அது. எங்கள் பக்கம் அதை பிராஞ்ச் என்போம்.

"ந்தாத்தே செல்லோ, சனிக்கிழமை அடக்கம். அண்ணனுக்காக அவர் வண்டி சுத்தணும். நான்தான் ஓட்டுறேன்" என்றான் தெபோஹோ. "ஆனா சத்தம் கெட்டுப்போச்சு. கிழவன் இருமுற மாதிரி வருது."

"எங்க கொண்டுபோய் மோதின?" என்றார் செல்லோ.

"சேதி வந்த அன்னைக்கு வண்டிய எடுத்துட்டு எங்கயோ போனேன். ஸ்பீட் பிரேக்கர் கண்ணுக்குத் தெரியல."

"கண்ணுக்குத் தெரியலையா, மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லையா?" என்று நான் குறுக்கே விழுந்தேன். என் பெயர் திபுவோ. எங்கள் மொழியில் பேச்சு என்று அர்த்தம். பெற்றவர்கள் தெரியாமல் வைத்துவிட்டார்கள் என்று செல்லோ சொல்வார். ஆனால் அந்தப் பையன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. உள்ளே போய் அவனுக்குத் தேநீர் கொண்டுவந்தேன்.

செல்லோ எங்கள் இருவரையும் மறந்துவிட்டார். முட்டி போட்டு உட்கார்ந்து பிராஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். மொஹாப்பி தன் வண்டியின் பானெட்டுக்குள் யாரையும் கைவைக்க விட்டதில்லை. செல்லோ டிங்கர் வேலையில் ஊரறிந்தவர், மொஹாப்பிக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. இருந்தும் ஒரு நட்டைக்கூடத் தொட விட்டதில்லை. அது செல்லோவின் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இப்போது அந்த வண்டியின் குடலே அவர் மடியில் கிடந்தது.

"ரெண்டு ஒடுக்கு" என்றார் கடைசியில்.

ஒன்று அடியில், குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில். நசுங்கி, சிராய்த்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. இன்னொன்று மேலே, பின்பக்கக் குழாயில், முதல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால். சின்னது. உருண்டையானது. கம்பி பிரஷ்ஷால் நான் அழுக்கைத் தேய்த்துக்கொண்டு போனபோது என் கட்டைவிரல் அதற்குள் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அடியில் நகக்கீறல் போல ஒரு கோடு. சுற்றிலும் துரு, அந்தக் கோடு மட்டும் பளபளவென்று இருந்தது.

"இங்க பாரு. கீழ மோதினா மேல எப்படி அடி விழும்?" என்றேன். ஆட்கள் முன்னால் அவரை ந்தாத்தே என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். தெபோஹோ அதற்குள் போயிருந்தான்.

"எஞ்சின் குதிச்சிருக்கும். எதுலயாவது இடிச்சிருக்கும்."

"உள்ள துரு பழசா இருக்கே."

"துரு உன்கிட்ட வயசு சொல்லிச்சா?"

"நான் சொல்றது உனக்கு எப்பத்தான் காதுல ஏறும்? எதுவோ இதுல உரசிக்கிட்டே இருந்திருக்கு. அதான் கோடு."

"திபுவோ, ஊரே வந்து நிக்கும் சனிக்கிழமை. பானெட்டைத் திறந்து பார்ப்பானுங்க. ஒரு ஒடுக்கை எடுத்துட்டு ஒண்ணை விட்டுட்டான்னு சிரிப்பானுங்க. மொஹாப்பி முன்னாலயே சிரிப்பானுங்க." அவர் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன விதத்தில் நான் பிரஷ்ஷை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன்.

மறுநாள் வேலை. நாங்கள் எப்போதும் சேர்ந்துதான் செய்வோம். அவர் தட்டிப் பார்த்துக் காதால் கேட்பார், நான் கேஸ் டார்ச்சைப் பிடிப்பேன். என் கை நடுங்காது, அவர் கை கொஞ்சம் நடுங்கும். குழாய்களின் வாய்களை இரும்புத் தகடு வைத்து அடைத்து, போல்ட் போட்டு இறுக்கினார். அடிவாயையும் அடைத்து, அதில் கம்ப்ரஸர் குழாயைச் சொருகிக் கொஞ்சமாகக் காற்றை ஏற்றினார். பிறகு ஒடுக்கை மட்டும் நான் சூடாக்க வேண்டும். இரும்பு சிவந்து இளகும்போது உள்ளே இருக்கும் காற்று அதை வெளியே தள்ளும். காற்று கூடினாலோ நெருப்பு ஒரே இடத்தில் நின்றாலோ குழாய் முகத்திலேயே கிழியும். அதனால் அந்த நேரத்தில் நாங்கள் பேசுவதில்லை. நான் பேசாமல் இருக்கும் ஒரே நேரம் அதுதான்.

கீழே இருந்தது சுலபமாகவே எழுந்தது. எண்ணெயில் போட்ட மாவு உப்புகிற மாதிரி மெல்ல உப்பி, நிமிர்ந்து, நின்றது. செல்லோ சிரித்தார். மேலே இருந்தது அப்படியில்லை. சிவந்தது, ஆனால் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் காற்று வைத்தார். அப்போதும் அசையவில்லை. எனக்கு வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்த்தது எனக்கே பிடிக்கவில்லை. "விட்டுடுவோம்" என்று கண்ணால் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் காற்று ஏற்றினார். சட்டென்று உள்ளிருந்து யாரோ தட்டியதுபோல் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒடுக்கு நிமிர்ந்துவிட்டது.

ஆறியபின் அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, கறுப்புப் பூச்சு அடித்தார். அந்த இடத்தில் எப்போதாவது ஒரு காயம் இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். என் கட்டைவிரல் அந்த வழவழப்பில் எதையோ தேடி வழுக்கியது. என்னமோ சரியில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மொஹாப்பி வீட்டு முற்றத்தில் மாட்டினார்கள். வீட்டுக்குள் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பீட்ரூட் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு கண்ணை வண்டியின் மேல் வைத்திருந்தேன். செல்லோ பானெட்டுக்குள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டார்ச் லைட்டை வாங்கி மறுபடி பார்த்தார். நான் கத்தியை வைத்துவிட்டுப் போனேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஸ்டியரிங் கம்பி குழாயை ஒட்டியே போகுது. கொஞ்சம் நெருக்கமாத்தான் இருக்கு."

"எவ்வளவு?"

"ஒரு காகிதம் போகும்." அவர் தெபோஹோவைப் பார்த்து, "ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுக் காட்டு" என்றார். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, தெபோஹோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினான். எதுவும் தடுக்கவில்லை. "ம். இடிக்கல. இருந்தாலும் ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிச்சுப் பார்த்துடணும்" என்றார் செல்லோ.

அதற்குள் மொஹாப்பியின் தாய்மாமன் கைத்தடியோடு வந்துவிட்டார். சாவு வீட்டில் தாய்மாமன் சொல்தான் கடைசிச் சொல். "யாரும் மிதிக்கக் கூடாது. அவன் இன்னும் மண்ணுக்குள்ள போகல" என்றார்.

எங்கள் பக்கத்துச் சுற்றுக்காரர்களின் வழக்கம் அது. செத்தவன் அடங்கும்வரை அவன் வண்டியை உறுமவிடக் கூடாது. உறுமினால் அவன் எழுந்து வந்து ஏறப் பார்ப்பான் என்பார்கள். மெதுவாக உருட்டலாம், அவ்வளவுதான்.

"ஒரு நிமிஷம் மாமா. சோதிக்கத்தான்" என்றார் செல்லோ.

"உன் வேலைமேல உனக்கே சந்தேகமா? அப்படின்னா இப்பவே சொல்லு." கிழவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு முதல் சுத்துல இடதுபக்கச் சீட்டு உனக்குத்தான். மறந்துடாத."

அது இன்னொரு வழக்கம். வண்டியைச் சரிசெய்தவன் முதல் சுற்றில் ஓட்டுபவன் பக்கத்தில் உட்கார வேண்டும். கண்டவனும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்பதற்காக வைத்தது. உட்கார மறுத்தால் அவன் வேலையை அதற்குப் பிறகு ஒருவரும் தொடமாட்டார்கள். செல்லோ பானெட்டை மூடினார். "எனக்கென்ன சந்தேகம்" என்றார். முகத்தில் அத்தனை பெருமை. மொஹாப்பியின் வண்டியில், மொஹாப்பிக்காக உட்காரப் போகிறார். எனக்கு அந்த மூடிய பானெட்டை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை விடியலில் சவ ஊர்வலம் போனது. சமைக்கிறவர்கள் நாங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டோம். திரும்பி வந்தவர்கள் வாசலில் கற்றாழைத் துண்டு போட்ட தண்ணீரில் கை கழுவி, தட்டோடு வரிசையில் நின்றார்கள். இளவட்டங்கள் சாப்பிட்டும் சாப்பிடாமலும் எதிர்வெளிக்கு ஓடினார்கள். குஷேஷேயை ஏற்கெனவே தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். செல்லோ தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கடந்து போகும்போது, "சட்டையில மிளகாய்ப் பொடி" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மொஹாப்பியின் மனைவி மாலெராட்டோ உள்ளறையில் மெத்தையில், கறுப்புப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். ஒரு தட்டில் களியும் கறியும் நிறைய பீட்ரூட்டும் வைத்துக்கொண்டு நான் போனேன். ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ரெண்டு வாய் சாப்பிடு, மா."

"செல்லோ குழாயைச் சரிபண்ணிட்டாராமே. புதுசு மாதிரி இருக்குன்னு தெபோஹோ சொன்னான்" என்றாள்.

"ஆமா. புதுசு மாதிரிதான்."

அவள் கொஞ்சம் சிரித்தாள். "அவர் அதைப் புதுசா வாங்கிட்டு வந்த அன்னைக்கு என்ன பண்ணினார் தெரியுமா? இதே வாசப்படில வச்சு சுத்தியலால அடிச்சார். அடிப்பார், கொண்டுபோய் வண்டில மாட்டிப் பார்ப்பார், கழட்டிட்டு வந்து மறுபடி அடிப்பார். பொழுது சாயுற வரைக்கும் அதே வேலை. உனக்குப் பைத்தியமான்னு கேட்டேன். நான் இதைக் காயப்படுத்தலன்னா ஒருநாள் இது என்னைக் காயப்படுத்தும்னு சொன்னார்."

எவனோ ஒரு நல்ல குழாயைக் கொல்கிறான் என்று செல்லோ புலம்பிய அந்த மாலைச் சத்தம் என் காதில் மறுபடி கேட்டது.

"எந்த இடத்துல அடிச்சார்?" என்றேன்.

"ஒரே இடம்தான். மேல, ஓட்டுறவங்க பக்கம். எஞ்சின் கோபப்பட்டா அந்தப் பக்கமா சாயுமாம். ஸ்டியரிங் கம்பிக்கு வழி விடணுமாம். எனக்கு என்ன புரியுது அதெல்லாம்."

அப்போது வெளியே, அந்த வாரத்தில் முதல்முறையாக, மொஹாப்பியின் வண்டி உறுமியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலில் பெண்கள் குலவையிட்டார்கள்.

நான் தட்டை வைத்தேனா கொட்டினேனா தெரியாது. என் மேலங்கி முழுக்க பீட்ரூட் சாறு. ஓடினேன். எனக்கு உடம்பு பெரிது, முட்டிவலி வேறு. வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியை இடித்துக் கவிழ்த்துவிட்டு ஓடினேன். கூட்டம் சுவர் மாதிரி நின்றது. என் முன்னால் இருந்தவன் திரும்பி என் மார்பில் இருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு ஒதுங்கினான். அவனைப் பார்த்து அடுத்தவன் ஒதுங்கினான். ரத்தம் என்று நினைத்துத்தான் வழிவிட்டார்கள்.

வண்டி நடுவெளியில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. தெபோஹோ வலதுபக்கம். இடதுபக்கம் செல்லோ, ஜன்னலுக்கு வெளியே கையைப் போட்டுக்கொண்டு, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. நான் போய் பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றேன். சூடு கையைச் சுட்டது. சுற்றிலும் விசில், ஊளை.

"அக்கா, தள்ளுங்க" என்று தெபோஹோ கத்தினான்.

"திபுவோ, இது சாவு வீடு. உன் புருஷனோட சண்டையை வீட்டுல வச்சுக்க" என்றார் தாய்மாமன்.

நான் பக்கவாட்டில் போய் இடதுபக்கக் கதவைத் திறந்தேன். "செல்லோ, இறங்கு."

ஊர் முன்னால் நான் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் சிரிப்பு நின்றது. "எல்லாரும் பாக்குறாங்க, திபுவோ" என்றார் மெதுவாக. கெஞ்சுகிற குரல்.

"பாக்கட்டும். மேல இருந்த ஒடுக்கு மோதி விழுந்தது இல்ல. மொஹாப்பி அடிச்சது. வேணும்னு அடிச்சது. ஸ்டியரிங் கம்பிக்கு வழி."

அவர் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. வேலைக்காரனுக்கு ஒரு சொல் போதும். காகிதம் போகும் இடைவெளியை அவர் கண் தேடியது எனக்குத் தெரிந்தது.

தெபோஹோவுக்கு எதுவும் காதில் விழவில்லை. "பயமா இருந்தா இறங்கிக்கங்க ந்தாத்தே. நான் தனியா சுத்திக்கிறேன்" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "பொண்டாட்டி சோறு போடமாட்டாளாம்" என்றான்.

இறங்கினால் அவர் உயிர் மிச்சம். எனக்கு அது போதும் என்றுதான் ஓடிவந்தேன். உள்ளதைத்தான் சொல்கிறேன். வண்டியின் மூக்குக்கு நேரே, முன்வரிசையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கால்நீட்டி உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். என் தங்கை மகள் அதில் இருந்தாள். வாயில் ஐஸ் குச்சி, அந்தக் குளிரிலும்.

செல்லோ இறங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். "தெபோஹோ, உங்க அண்ணன் மேல ஆணை. ஒரே ஒரு தடவை நான் சொல்றபடி செய். அப்புறம் உன் இஷ்டம். முதல் கியர் போடு. கிளட்சைப் பாதி விட்டு நல்லா மிதி. மிதிச்சுக்கிட்டே ஸ்டியரிங்கைத் திருப்பு."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"மிதிடா."

அவன் எரிச்சலோடு மிதித்தான். வண்டி பின்காலில் உட்கார்ந்தது. பின்டயர்கள் கத்தின. பானெட் வலதுபக்கமாகச் சாய்வதை நான் கண்ணால் பார்த்தேன். தெபோஹோ ஸ்டியரிங்கைத் திருப்பினான். திரும்பவில்லை. முழங்கையை மடக்கி, தோளைக் கொடுத்து இழுத்தான். கல்லில் செதுக்கியதுபோல் நின்றது. காலை எடுத்தான். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. மறுபடி மிதித்தான். பூட்டிக்கொண்டது. மறுபடி எடுத்தான், திரும்பியது. கூட்டம் சத்தத்தைக் கேட்டு விசிலடித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெபோஹோ நிமிர்ந்து கண்ணாடி வழியாக எதிரே பார்த்தான். பிள்ளைகள் அவனுக்குக் கை காட்டினார்கள்.

சாவியை அணைத்தது செல்லோ. தெபோஹோவின் கை ஸ்டியரிங்கைவிட்டு வரவில்லை. தாய்மாமன் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். அவர் அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர். நடந்ததை அவர் மட்டும் புரிந்துகொண்டார்.

"நான் நேத்து சோதிக்க விடல" என்றார்.

"நான் அந்த ஒடுக்கை எடுத்திருக்கக் கூடாது மாமா. என் பொண்டாட்டி கேட்டா. நான் காதுல போட்டுக்கல" என்றார் செல்லோ. அவர் இதைச் சத்தமாகத்தான் சொன்னார். முன்னால் நின்ற இருபது முப்பது பேருக்குக் கேட்டது. அதற்குள் கூட்டம் பொறுமையிழந்திருந்தது. "சுத்துங்கடா" என்று கத்தினார்கள். மொஹாப்பிக்காக வண்டி சுற்றாமல் அவரை அனுப்புவதா என்று ஒருவன் பாட்டிலை வீசினான்.

தாய்மாமன் கைத்தடியை உயர்த்தினார். "எஞ்சின் ஓடாது. தள்ளுங்க" என்றார்.

முதலில் பின்னால் நின்ற டாக்ஸி டிரைவர்கள் வந்தார்கள். பிறகு இளவட்டங்கள். நானும் கை வைத்தேன். மொஹாப்பியின் குஷேஷேயை வட்டமாகத் தள்ளினோம். முன்வரிசைப் பிள்ளைகளில் ஒன்று வாயால் எஞ்சின் மாதிரி உறும ஆரம்பித்தது. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும். அப்புறம் பெரிய ஆட்களும். நூற்றுக்கணக்கான வாய்கள் ஒரு வண்டியாக உறுமின. மாலெராட்டோ கறுப்புப் போர்வையோடு வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

சரிசெய்தவன் முதல் சுற்றில் உட்கார வேண்டும். செல்லோ இடதுபக்கச் சீட்டிலேயே இருந்தார். கதவு திறந்தே கிடந்தது. நான் அவர் பக்கத்தில் தள்ளிக்கொண்டே நடந்தேன். அவர் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு அழுதார். துடைக்கவில்லை. எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம், அவ்வளவு ஆசை. ஒரு கையால் கார் கூரையையும் மறுகையால் அவர் கோட்டுக் காலரையும் பிடித்துக்கொண்டுதான் அந்த வட்டத்தை முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்துக்குப் போகவில்லை. பிராஞ்சைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசப்படியில் வைத்துக்கொண்டு செல்லோ உட்கார்ந்திருந்தார். கையில் உருண்டைத் தலைச் சுத்தியல். ரொம்ப நேரமாகத் தட்டும் சத்தம் வரவில்லையே என்று நான் எட்டிப் பார்த்தேன். குழாயை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எங்க இருந்துச்சு?" என்றார் நிமிராமல். "கண்டுபிடிக்க முடியல."

அவ்வளவு சுத்தமான வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கட்டைவிரலால் தேடினேன். வளைவுக்கு முன்னால், ஓட்டுபவன் பக்கம், கொஞ்சம் கீழே. என் விரலுக்கு மட்டும் அது ஞாபகம் இருந்தது.

"இங்க."

"எவ்வளவு ஆழம்?"

"நகம் மறையுற அளவு."

"நிச்சயமா?"

நான் அந்த இடத்தை மறுபடி தடவிப் பார்த்தேன். நிச்சயமாகத் தெரிந்தவர் நேற்று மண்ணுக்குள் போய்விட்டார். "கொஞ்சமா அடி. கொண்டுபோய் மாட்டிப் பார்ப்போம். பத்தலன்னா கழட்டிட்டு வந்து மறுபடி அடி" என்றேன்.

அவர் தலையாட்டினார். சுத்தியலைத் தூக்கினார். என் விரல் இன்னும் அங்கேயே இருந்தது.

"கையை எடு" என்றார்.

எடுத்தேன். அடித்தார். அந்தச் சத்தம் காலைத் தெரு முழுக்கப் போனது. மூன்று வீடு தள்ளி மாலெராட்டோ வீட்டு ஜன்னல் திறந்தது.